உடை மாற்றும் அறை வாசலில் யார் நிற்கிறார்கள்? மைதானத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி!

சனி, ஞாயிறு வந்தால் குறிஞ்சிப்பாடி பேருந்து நிலையத்தில் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். முதுகில் ஸ்போர்ட்ஸ் பேக், கையில் தண்ணீர் பாட்டில், காலில் கேன்வாஸ் ஷூ. வடலூர் வழியாக நெய்வேலி போகும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். சிலருக்குத் துணையாக அம்மாவோ தாத்தாவோ நிற்பார். பலருக்கு அண்டை வீட்டு அண்ணன்தான் துணை.

வீட்டில் கிளம்பும்போது கேள்விகளுக்குக் குறைவிருக்காது. "சாப்பிட்டியா?", "பஸ்ஸுக்குக் காசு இருக்கா?", "எத்தனை மணிக்கு முடியும்?", "போன் பண்ணு". எல்லாம் சரி. ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

'நீ எங்கே டிரெஸ் மாத்துவ? அப்போ பக்கத்துல யார் இருப்பாங்க?'

பயிற்சி மைதானத்தில் நடக்கிறது; அதை ஊரே பார்க்கலாம். போட்டி கேலரிக்கு முன்னால் நடக்கிறது. ஆனால், ஒரு குழந்தை யார் கண்ணிலும் படாமல் இருக்கும் பத்து நிமிடங்கள், பயிற்சிக்கு முன்னும் பின்னும், உடை மாற்றும் அறையில்தான் கழிகின்றன. விளையாட்டு உலகம் பல தேசங்களில் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் அந்த அறையைப் பற்றியதுதான்.

அறையே இல்லாத இடங்களில்...

'டிரெஸ்ஸிங் ரூம்' என்றதும் டி.வி-யில் பார்க்கும் கிரிக்கெட் அணியின் ஏ.சி அறை நினைவுக்கு வரும். நம் ஊர் நிலைமை வேறு. குறுவட்ட அளவிலான போட்டிகள், மாவட்டப் போட்டிகள், குடியரசு தின விளையாட்டுகள், முதலமைச்சர் கோப்பை என்று ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஊர் விட்டு ஊர் போய் விளையாடுகிறார்கள். போன இடத்தில் ஒரு வகுப்பறையின் ஜன்னலைச் சாத்திவிட்டு உடை மாற்றுவார்கள். அதுவும் இல்லையென்றால் கழிவறை. அதுவும் சரியில்லையென்றால், வந்த வேனுக்குள்ளேயே நான்கு பேர் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி மாற்றிக்கொள்வாள்.

மாதவிடாய் நாள்களில் இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. நாப்கின் மாற்றத் தாழ்ப்பாளுள்ள ஓர் இடம் இல்லை என்பதற்காகவே 'இன்னிக்கு வயித்து வலி' என்று போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும் சிறுமிகளைப் பெண் உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இன்னொரு சூழல். 1956-ல் லிக்னைட் நிறுவனம் தொடங்கப்பட்டு, அதைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. வட்டம் வட்டமாகப் பிரித்த வீதிகள், பள்ளிகள், பாரதி விளையாட்டரங்கம் என்று விளையாட்டுக்கு இடமுள்ள ஊர். ஆனால், சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை பார்ப்பவர்களின் நாள், ஷிஃப்ட் கணக்கில் ஓடுவது. அப்பா செகண்ட் ஷிஃப்ட், அம்மா வேறு வேலை என்றால், மாலைப் பயிற்சிக்குப் பிள்ளையோடு போய் உட்கார ஆளில்லை. டவுன்ஷிப்பை உள்ளடக்கிய குறிஞ்சிப்பாடி வட்டத்தின் கிராமங்களில் தறி வீடுகள், வயல் வேலை, ஒப்பந்தக் கூலி. அங்கேயும் அதே கதைதான். பிள்ளையை 'மாஸ்டர்' கையில் ஒப்படைத்துவிட்டு நம்பிக்கையோடு இருப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

நம்பிக்கை தவறல்ல. பெரும்பாலான பயிற்சியாளர்கள் அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவர்கள். சொந்தக் காசில் பால் வாங்கிக் கொடுக்கிற, தோற்ற பிள்ளையைத் தோளில் தட்டிக் கூட்டிவருகிற மாஸ்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால், பாதுகாப்பு என்பது ஒரு மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அது ஏன் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது.

தோழி திரும்பி வந்ததால் தெரிந்த உண்மை

1990, ஆகஸ்ட் 12. ஹரியானா மாநிலம் பஞ்ச்குலா. ருச்சிகா என்ற 14 வயது டென்னிஸ் வீராங்கனை, தோழி ஆராதனாவுடன் மாநில லான் டென்னிஸ் சங்க அலுவலகத்துக்குப் போகிறாள். வரச் சொன்னவர் சங்கத்தின் தலைவர் எஸ்.பி.எஸ்.ரத்தோர். அவர் அப்போது காவல்துறை ஐ.ஜி. முந்தைய நாள் வீட்டுக்கே வந்து, 'பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம், இங்கேயே சிறப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறேன்' என்று அவளின் தந்தையிடம் பேசியவர்.

அலுவலகத்தில், பயிற்சியாளரைக் கூப்பிட்டு வரும்படி ஆராதனாவை அவர் வெளியே அனுப்பினார். அறையில் ருச்சிகா மட்டும். சில நிமிடங்களில் ஆராதனா திரும்பி வந்தபோது, அவர் தன் தோழியிடம் அத்துமீறுவதைக் கண்ணால் பார்த்தாள்.

அதன் பிறகு நடந்தது ஒரு குடும்பத்தின் சிதைவு. ருச்சிகா பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள். அவளின் அண்ணன் மீது திருட்டு வழக்குகள் பாய்ந்தன. 1993 டிசம்பரில் ருச்சிகா தற்கொலை செய்துகொண்டாள். 1990-லேயே காவல்துறையின் உள்விசாரணை வழக்கு பதியப் பரிந்துரைத்தும், முதல் தகவல் அறிக்கை பதிவானது 1999-ல்தான். இதற்கிடையே குற்றம் சாட்டப்பட்டவர் மாநிலத்தின் டி.ஜி.பி பதவிவரை உயர்ந்தார். 2009 டிசம்பரில் சி.பி.ஐ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. தண்டனை ஆறு மாதம். மேல்முறையீட்டில் அது 18 மாதங்களாக உயர்ந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து, அவர் ஏற்கெனவே சிறையில் இருந்த காலமே போதும் என்று முடித்தது.

அந்த வழக்கு நின்றதற்கு முக்கியக் காரணம் ஆராதனாவின் சாட்சியம். அவளும் அவளின் பெற்றோரும் பத்தொன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். அன்று அந்தக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தால்? ஆராதனா திரும்பி வராமல் இருந்திருந்தால்? ருச்சிகாவின் வார்த்தைக்கும் ஓர் ஐ.ஜி-யின் வார்த்தைக்கும் இடையே போட்டி நடந்திருக்கும். யார் வென்றிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

சென்னை சொன்ன பாடம்

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் இந்தப் பேச்சு உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. சென்னையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீதான புகார்கள் சமூக வலைதளத்தில் வெளியானதையடுத்து, விளையாட்டுத் துறையிலிருந்தும் குரல்கள் எழுந்தன. தடகள வீராங்கனைகளை உருவாக்கியவர் என்று பெயர் பெற்ற ஒரு பயிற்சியாளர், 19 வயது வீராங்கனை கொடுத்த புகாரில் போக்சோ சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு மேலும் பல வீராங்கனைகள் புகார் கொடுக்க முன்வந்தார்கள். தசைவலிக்கு 'பிசியோதெரபி' என்ற பெயரில் அத்துமீறல் நடந்தது என்பது புகார்களில் சொல்லப்பட்ட விஷயம்.

இந்த இடத்தில் பெற்றோர் நின்று யோசிக்க வேண்டும். விளையாட்டில் உடலைத் தொடுவது தவிர்க்க முடியாதது. ஜிம்னாஸ்டிக்ஸில் பிடிக்க வேண்டும். நீச்சலில் தாங்க வேண்டும். காயம் பட்டால் மருந்து தடவ வேண்டும். எது பயிற்சி, எது அத்துமீறல் என்ற கோடு ஒரு குழந்தைக்கு எளிதில் புரியாது. 'சார் இப்படித்தான் எல்லோருக்கும் செய்வார்' என்று நினைத்துக்கொள்ளும். டீமில் இடம் போய்விடுமோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கவேண்டிய காலேஜ் சீட் போய்விடுமோ என்ற பயம் வேறு.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர் வழக்கில் நடந்தது இன்னும் அதிர்ச்சி. 'சிகிச்சை' என்ற போர்வையில் பல ஆண்டுகள் அத்துமீறியவர் அவர். சில நேரங்களில் தாயோ தந்தையோ அதே அறையில் இருந்தபோதே, அவர்கள் பார்வையில் படாதபடி மறைத்து நின்று குற்றம் செய்தார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். 40 முதல் 175 ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும் என்பதை உலகம் அப்போது புரிந்துகொண்டது.

பார்த்தவர் போலீஸுக்குச் சொல்லவில்லை

உடை மாற்றும் அறை என்றாலே உலகம் முழுக்கப் பேசப்படும் வழக்கு, அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜெர்ரி சாண்டஸ்கி அங்கே கால்பந்து உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். ஏழைச் சிறுவர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனம் நடத்தியதால் ஊரில் பெரிய மரியாதை. 2001-ல் ஓர் இரவு, லாக்கர் அறையின் குளியல் பகுதியில் அவர் ஒரு சிறுவனிடம் அத்துமீறுவதை இளம் உதவியாளர் ஒருவர் பார்த்தார். மறுநாள் தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார். தலைமைப் பயிற்சியாளர் மேலதிகாரிகளிடம் சொன்னார். மேலதிகாரிகள் தங்களுக்குள் பேசினார்கள். போலீஸுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் சிறுவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2012-ல்தான் சாண்டஸ்கி 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டு, 30 முதல் 60 ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை பெற்றார். விஷயம் தெரிந்தும் சரியான இடத்தில் சொல்லாத பல்கலைக்கழக நிர்வாகிகள் மூவரும் 2017-ல் தண்டிக்கப்பட்டார்கள்.

இந்த வழக்கில் பாதிக்கப்பட்ட அனைவரும் ஆண் பிள்ளைகள். 'பையன்தானே, அவனுக்கு என்ன பயம்?' என்று நினைக்கும் வீடுகளுக்கு இது ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. அவர்களில் 53 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்கள் ஆண் பிள்ளைகள்.

பெரியவர்கள் மட்டுமல்ல...

மூடிய அறைக்குள் ஆபத்து எப்போதும் பெரியவர் வடிவில்தான் வரும் என்றில்லை. சீனியர் பையன்கள் ஜூனியரின் உடையை ஒளித்து வைப்பது, உடம்பைக் கேலி செய்வது, 'சும்மா விளையாட்டுக்கு' என்று போனில் படம் எடுப்பது. இதெல்லாம் அணியில் சேர்வதற்கான சடங்குபோல நடக்கும் இடங்கள் உண்டு. ஒரு போட்டோ வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டால் அந்தக் குழந்தை மறுநாள் மைதானத்துக்கு வராது. ஏன் வரவில்லை என்று வீட்டிலும் சொல்லாது.

2015 மே மாதம் கேரளாவின் ஆலப்புழாவில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டுப் பயிற்சி மையத்தில் நான்கு சிறுமிகள் சேர்ந்து தற்கொலைக்கு முயன்றார்கள். அவர்களில் 15 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். விடுதியில் சீனியர்கள் கொடுத்த தொந்தரவுதான் காரணம் என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினார்கள். பயிற்சி நேரத்தில் அத்தனை கண்காணிப்பு இருக்கும் ஒரு மையத்தில், பயிற்சி முடிந்த பிறகு பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்வியை அது நாடு முழுவதும் எழுப்பியது.

உள்ளே அல்ல... வாசலில்!

அப்படியானால் தீர்வு என்ன? ஒரு பெரியவரை உடை மாற்றும் அறைக்குள் நிற்கவைத்துவிடலாமா? கேமரா மாட்டிவிடலாமா?

இரண்டுமே தவறு. உடை மாற்றும் பிள்ளைக்கு அந்தரங்கம் வேண்டும். 'பாதுகாப்பு' என்று சொல்லி உள்ளே நிற்கும் பெரியவரே நாளை பிரச்னையாகலாம். உடை மாற்றும் இடத்தில் கேமரா என்பது குற்றத்துக்கே வழிவகுப்பது. கேமரா வேண்டுமென்றால் அது வெளியே, நுழைவாயிலைப் பார்த்து இருக்கலாம். உள்ளே கூடாது.

நாசர் வழக்குக்குப் பிறகு, 2018-ல் அமெரிக்கா விளையாட்டுப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி வகுக்கப்பட்ட விதிகளின் சாரம் நம் ஊர் மைதானத்துக்கும் அப்படியே பொருந்தும்.

* ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் தனியாக இருக்கக் கூடாது. பேசித்தான் ஆக வேண்டும் என்றால், மற்றவர் பார்க்கக்கூடிய, எப்போது வேண்டுமானாலும் குறுக்கே வரக்கூடிய இடத்தில் பேச வேண்டும்.

* உடை மாற்றும் அறையில் பெரியவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து உடை மாற்றவோ குளிக்கவோ கூடாது. பெரியவர்களுக்கு நேரம் வேறு அல்லது இடம் வேறு.

* அறைக்குள் யாருடைய செல்போன் கேமராவும் வெளியே எடுக்கப்படக் கூடாது. சீனியருக்கும் சரி, கோச்சுக்கும் சரி, ஒரே விதிதான்.

* பொறுப்பாளர் வாசலுக்கு அருகில், குரல் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வப்போது கதவைத் தட்டி, 'வரலாமா?' என்று கேட்டுவிட்டு எட்டிப் பார்க்கலாம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர்.

* எல்லோர் முன்னிலும் உடை மாற்றக் கூச்சப்படும் பிள்ளைக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். 'என்னடா வெட்கம்?' என்று கேலி செய்யக் கூடாது.

* மசாஜ், பிசியோதெரபி எதுவானாலும் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இன்னொரு பெரியவர் அங்கேயே இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. வகுப்பறையில் உடை மாற்றும் குறுவட்டப் போட்டியிலும் ஒரு பெண் ஆசிரியரோ, அணியோடு வந்த ஓர் அம்மாவோ வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம். ஒரு தாழ்ப்பாள், ஒரு திரைச்சீலை, ஜன்னலுக்கு ஒட்ட ஒரு பழைய செய்தித்தாள். அவ்வளவுதான்.

இந்த விதிகள் நல்ல பயிற்சியாளரை அவமதிப்பவை என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. உண்மையில் அவரைக் காப்பாற்றுவதும் இவைதான். எப்போதும் நாலு பேர் பார்வையில் பயிற்சி கொடுப்பவர் மீது யாரும் எளிதில் விரல் நீட்ட முடியாது. 'என் பயிற்சியில் பெற்றோர் வந்து உட்காரலாம்' என்று அவரே முதல் நாளில் சொல்லிவிட்டால் ஊருக்கும் நம்பிக்கை, அவருக்கும் நிம்மதி.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது போக்சோ சட்டம். 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் அது பொருந்தும். நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் குற்றம் செய்தால் தண்டனை இன்னும் கடுமை.

பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒன்று, 2020 மார்ச்சில் வந்த போக்சோ விதிகளில் இருக்கிறது. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் பள்ளிகள், காப்பகங்கள் மட்டுமல்ல, விளையாட்டு அகாடமிகளும் தங்கள் ஊழியர்கள் அனைவரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். நிரந்தர ஊழியரா, ஒப்பந்த ஊழியரா, பயிற்சி கொடுப்பவரா, வேறு வேலை செய்பவரா என்ற வித்தியாசம் இல்லை. சரிபார்ப்பை ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடவும் முடியாது. குறிப்பிட்ட இடைவெளியில் தொடர வேண்டும். சம்மர் கேம்ப்புக்குப் பணம் கட்டும் முன், 'ஊழியர்களுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்ததா?' என்று கேட்க எந்தப் பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை. கேட்பதற்குச் சட்டமே துணை நிற்கிறது.

அடுத்தது, சொல்லும் கடமை. ஒரு குழந்தைக்கு எதிராக இப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று தோன்றினாலோ அதைக் காவல்துறைக்குச் சொல்வது போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி ஒவ்வொருவரின் கடமை. மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. தன் நிறுவனத்தில் நடந்ததை மறைக்கும் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறை. 'ஸ்கூல் பேரு கெட்டுடும்', 'அகாடமிக்கு ஆள் வராது' என்று மூடி மறைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. பென் ஸ்டேட்டில் அந்த இளம் உதவியாளர் செய்ததுபோல மேலதிகாரியிடம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட நம் சட்டம் அனுமதிப்பதில்லை.

2022-ல் வெளிநாட்டுப் பயிற்சி முகாமில் சைக்கிள் வீராங்கனை ஒருவர் தன் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்ததையடுத்து, வீராங்கனைகள் உள்ள அணிகளோடு பெண் பயிற்சியாளர் ஒருவர் கட்டாயம் செல்ல வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் அறிவித்தது. தேசிய அணிக்குத் தேவைப்படும் அந்தப் பாதுகாப்பு, குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் அண்ணா விளையாட்டு அரங்கத்துக்கு வேன் ஏறும் பதினொரு வயதுப் பெண்ணுக்கும் தேவைதானே?

'பெயர் வெளியே வந்துடுமே!'

புகார் கொடுப்பதிலிருந்து குடும்பங்களைத் தடுக்கும் முதல் பயம் இதுதான். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் அது தண்டனைக்குரிய குற்றம். குழந்தையை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், சீருடையில்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். பெண் குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டிய நிலையும் குழந்தைக்கு வரக் கூடாது.

குழந்தை ஏதாவது சொன்னால் முதலில் செய்ய வேண்டியது, நம்புவது. 'நீ ஏன் அங்கே போனே?' என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே விஷயத்தை ஐந்து உறவினர்கள் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். கோபத்தில் நேராகப் பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போனால் சாட்சியங்கள் அழிக்கப்படலாம். போனில் வந்த மெசேஜ், போட்டோ எதையும் டெலிட் செய்யாமல் வையுங்கள். நியாயம் கேட்கிறோம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம். உங்கள் பிள்ளையின் அடையாளம் அதன் வழியாகவே வெளியே போய்விடும்.

சைல்டு லைன் 1098. பள்ளி மாணவர்களுக்கான தமிழக அரசின் உதவி எண் 14417. அவசர உதவிக்கு 112. இந்த மூன்றையும் பிள்ளையின் ஸ்போர்ட்ஸ் பேக்கில் ஒரு சீட்டில் எழுதி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

* பிள்ளைகள் எங்கே உடை மாற்றுகிறார்கள்? அந்த இடத்தை ஒருமுறை பார்க்கலாமா?

* அந்த நேரத்தில் வாசலில் இருப்பது யார்? பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா?

* சிறியவர்களும் பெரிய பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உடை மாற்றுகிறார்களா, தனித்தனி நேரமா?

* அறைக்குள் செல்போனுக்குத் தடை இருக்கிறதா?

* வெளியூர்ப் போட்டிக்கு யார் யார் கூட வருகிறார்கள்? இரவு தங்கினால் அறை ஏற்பாடு எப்படி?

* பயிற்சி முடிந்து பெற்றோர் வரத் தாமதமானால் பிள்ளை யாரோடு காத்திருக்கும்?

* புகார் என்றால் பயிற்சியாளரைத் தவிர வேறு யாரிடம் சொல்லலாம்?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில் தைரியமாகச் சேர்க்கலாம். 'எங்கமேல நம்பிக்கை இல்லையா?' என்று திருப்பிக் கேட்டால், ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

வேலை காரணமாகத் தினமும் வர முடியாத பெற்றோர் முறை போட்டுக்கொள்ளலாம். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்த அப்பா ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாள். ஷிஃப்ட் கணக்குப் பார்த்தே வாழ்ந்து பழகிய நெய்வேலிக்கு இது கடினமில்லை.

நிறுத்திவிடுவது தீர்வல்ல

இப்படியொரு செய்தி படித்ததும் பல வீடுகளில் எடுக்கப்படும் முதல் முடிவு, 'இனிமே நீ கிரவுண்டுக்குப் போக வேணாம்.' அதுவும் பெரும்பாலும் பெண் பிள்ளையிடம்தான். யாரோ செய்யும் தவறுக்கு அவள் கனவு பலியாகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. சொன்னால் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்த பிள்ளை, எதையும் சொல்லாமலே இருந்துவிடும்.

கடலூர் மாவட்டம் பெண்கள் கால்பந்துக்குப் பெயர்போன மண். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிக்காரர். எளிய வீடுகளிலிருந்து பந்தை உதைத்துக்கொண்டே நாட்டின் ஜெர்ஸிவரை போனவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் இன்று குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னப் பெண் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளை வீட்டிலேயே உட்காரவைப்பது நமக்கு எளிது. அவள் போகும் இடத்தைச் சரிசெய்வது கொஞ்சம் சிரமம். ஆனால், அவளுக்கு நாம் செய்ய வேண்டியது அந்தச் சிரமத்தைத்தான்.

இந்த வாரம் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும்போது, சாப்பாடு, பஸ் காசு, போன் என்ற வழக்கமான கேள்விகளோடு அந்த இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், ஒரு நாள் நீங்களே போய் அந்த வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அடுத்த நாள் இன்னொரு வீட்டிலிருந்து ஒருவர் வருவார்.